மூவ்மென்ட் டெக்னிக் வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

பிளாட்ஃபார்ம் ஃபைட்டர் (எதிராளியை மேடையை விட்டு அடித்துத் தள்ளும் சண்டை) கேம்களில் ஒரு மூவ்மென்ட் டெக்னிக் (நகரும் நுட்பம்) பலன் தரவில்லை என்றால் கோளாறு ஐந்து இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: கை, கன்ட்ரோலர், திரை, நெட், இல்லாவிட்டால் அந்த டெக்னிக்கே. புதுச்சேரி, கடலூர் பக்கம் விளையாடுகிறவர்களில் பலர் முதல் நான்கையும் சோதிக்காமலே "இது வேஸ்ட்" என்று டெக்னிக்கை ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் பழுதான ஸ்டிக்கை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தங்கள் விரலையே குறை சொல்கிறார்கள். முதல் நான்கையும் கழித்த பிறகுதான் டெக்னிக்குக்கு மதிப்பெண் போட முடியும். உங்களுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2001-இல் கேம்கியூபுக்கு வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயிலிருந்து. நுணுக்கமான நகர்வுகள் அதில்தான் அதிகம். இப்போது டால்ஃபின் என்ற எமுலேட்டரின் (கம்ப்யூட்டரைக் கேம்கியூப் போல நடக்க வைக்கும் மென்பொருள்) மேல் ஓடும் ஸ்லிப்பி வழியாகக் கம்ப்யூட்டரிலும் நெட்டிலும் ஆட முடிகிறது. கணக்கெல்லாம் ஃப்ரேமில், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்திலும். நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேம் 16.67 மில்லிசெகண்ட்.

கையில் இருக்க வேண்டியவை: 240 எஃப்.பி.எஸ் ஸ்லோமோஷன் எடுக்கும் போன், ஸ்டிக் எண்ணைத் திரையில் காட்டும் கன்ட்ரோலர் டெஸ்டர், மெலீக்கு அங்கிள்பஞ்ச் டிரெய்னிங் மோட் (பயிற்சிக்காக மாற்றியமைத்த மெலீ), ஒரு நோட்டு.

அறிகுறி: குதிக்கிறது, சறுக்கவில்லை

வேவ்டாஷ் என்பது குதித்த உடனே தரையை நோக்கிச் சாய்வாக ஏர்டாட்ஜ் (பேடின் தோளில் உள்ள ட்ரிகரை அழுத்திக் காற்றிலேயே விலகுவது) செய்து, தரையில் சறுக்கிப் போவது. பட்டனை அழுத்தியதும் யாரும் உடனே மேலே போவதில்லை. முதலில் கால் மடங்கும், அதுதான் ஜம்ப்ஸ்குவாட். அது கதாபாத்திரத்துக்குக் கதாபாத்திரம் மாறும்: ஃபாக்ஸுக்கு 3 ஃப்ரேம், மார்த்துக்கு 4, ஃபால்கோவுக்கு 5, பவுசருக்கு 8. ஃபாக்ஸில் பழகிய கையோடு பவுசரை எடுத்தால் ட்ரிகரைச் சீக்கிரமே அழுத்திவிடுவீர்கள்.

வெறும் குதி மட்டும் வந்து ஏர்டாட்ஜே வரவில்லை என்றால் ட்ரிகர் ஜம்ப்ஸ்குவாட்டுக்குள் விழுந்திருக்கிறது. மெலீ அந்த அழுத்தத்தை நினைவில் வைத்திருக்காது, தூக்கிப் போட்டுவிடும். எழும்பி, மேலே ஒரு வளைவு தெரிந்து, அப்புறம் ஏர்டாட்ஜ் வந்தால் தாமதம். டிரெய்னிங் மோடில் உள்ள வேவ்டாஷ் பயிற்சி எத்தனை ஃப்ரேம் முந்தினோம், பிந்தினோம் என்று காட்டும். கண்ணை நம்பாமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

எந்த நேரத்தில் அழுத்தினாலும் ஏர்டாட்ஜ் வரவே இல்லை, ஆனால் தரையில் ஷீல்டு (அடியைத் தடுக்கும் காப்புக் குமிழி) வருகிறது என்றால் மேப்பிங் (எந்தப் பட்டன் எதற்கு என்ற அமைப்பு) தவறு. கேம்கியூப் ட்ரிகரில் பாதி அழுத்தம் வேறு, அடியில் 'கிளிக்' என்று விழும் அழுத்தம் வேறு. ஏர்டாட்ஜுக்கு அந்தக் கிளிக் கட்டாயம் வேண்டும். டால்ஃபின் அமைப்பில் 'எல்', 'எல் அனலாக்' என்று இரண்டு தனித்தனி வரிகள் இருக்கும்; இரண்டாவதில் மட்டும் ட்ரிகரைக் கொடுத்திருந்தால் ஷீல்டு வரும், ஏர்டாட்ஜ் வராது. எக்ஸ்பாக்ஸ் வகை பேடில் ஆடுகிறவர்கள் மேலே உள்ள பம்பர் பட்டனை 'எல்'-க்குக் கொடுத்துவிடுவது நல்லது. பம்பர் குறைந்த தூரமே அமுங்கும், அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் விழும். காற்றில் அடித்துத் தரையிறங்கும் தேக்கத்தைக் குறைக்கும் எல்-கேன்சல் பாதி அழுத்தத்திலேயே வேலை செய்யும் (தரை தொடும் முன் 7 ஃப்ரேமுக்குள் அழுத்தினால் போதும்). ஆகவே எல்-கேன்சல் வருகிறதே, ட்ரிகர் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அறிகுறி: சறுக்குகிறது, ஆனால் குட்டையாக

முதலில் உங்கள் கதாபாத்திரத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். லூய்ஜிக்குத் தரைப்பிடிப்பு மிகக் குறைவு, அதனால் வெகுதூரம் போவான். பீச்சுக்கு எவ்வளவு திருத்தமாகப் போட்டாலும் சறுக்கல் குட்டைதான்.

எல்லை தெரிந்த பிறகும் குறைவாக இருந்தால் கோணத்தைப் பாருங்கள். மெலீயில் ஸ்டிக்கின் மதிப்பு 0-விலிருந்து 1 வரை 80 படிகள். 0.2875-க்குக் கீழே உள்ள எதையும் கேம் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் 0.95, கீழே 0.2875 என்று வைத்தால் கிடைக்கும் சாய்வு சுமார் 17 டிகிரி. நீளமான வேவ்டாஷுக்கு இதுதான் இலக்கு. 45 டிகிரி மூலையில் தள்ளினால் பக்கவாட்டு வேகம் இதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும்.

கேம்கியூப் ஸ்டிக்கைச் சுற்றி எட்டு மூலை உள்ள வளையம் இருக்கும், விரலுக்கு வழி தெரியும். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் பேடுகளில் வளையம் வட்டம், பிடிமானம் கிடையாது. அதில் மூலையைத் தேடாமல், பக்கவாட்டில் முழுக்கத் தள்ளிவிட்டு விளிம்பைத் தொட்டபடியே கொஞ்சம் கீழே இறக்குங்கள். டெஸ்டரைப் பார்த்துக்கொண்டே இருபது முறை, பிறகு பார்க்காமல் இருபது முறை. எமுலேட்டரில் டெட்ஸோனை (ஸ்டிக்கின் சிறு அசைவைப் பூஜ்யமாக எடுக்கும் எல்லை) கூட்டி வைத்திருந்தால் பூஜ்யமாக்கிவிடுங்கள். கேமுக்கென்று ஒரு டெட்ஸோன் ஏற்கெனவே உண்டு. இரண்டும் சேர்ந்தால் மெல்லிய கோணங்கள் எல்லாம் காணாமல் போகும்.

அறிகுறி: ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் வரவில்லை

இதில் கையைச் சந்தேகிக்கும் முன் கன்ட்ரோலரைச் சந்தேகியுங்கள். வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் போலக் கடல் ஒட்டிய தெருக்களில் வைத்திருக்கும் பேடுகளுக்கு உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து சீக்கிரமே வினை வைத்துவிடும். ஸ்டிக்கின் அடியில் இரண்டு சின்ன பொட்டென்ஷியோமீட்டர்கள் உண்டு, ஒன்று இடவலத்துக்கு, இன்னொன்று மேல்கீழுக்கு. உள்ளே கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிப் போகும். தடம் தேய்ந்தாலோ தூசி, பிசுக்கு சேர்ந்தாலோ எண் குதிக்கும்.

சோதனை மூன்று. ஒன்று: ஸ்டிக்கைத் தொடாமல் டெஸ்டரைப் பாருங்கள், எண் நடுவில் நிலையாக நிற்க வேண்டும். இரண்டு: இடப்பக்கக் கோடி, வலப்பக்கக் கோடி இரண்டுக்கும் தொட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முழுக்க எட்டாமல் 0.8-இலேயே நின்றால் அந்தப் பக்கத்து டாஷே (ஓடத் தொடங்கும் பாய்ச்சல்) தடுமாறும். மூன்று: கோடியில் பிடித்துச் சட்டென்று விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒரு கணம் துள்ளினால் அதற்குப் பெயர் ஸ்னாப்பேக். நின்ற இடத்தில் ஆள் தானாகத் திரும்பிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

சுத்தம் செய்யும் முறை: கேம்கியூப் பேடுக்கு மூன்று சிறகு உள்ள ட்ரை-விங் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன் பேடுக்கு நடுவில் துளை உள்ள டி8 டார்க்ஸ். ஒரு ஸ்க்ரூ பேட்டரிப் பெட்டிக்குள் ஸ்டிக்கருக்கு அடியில் மறைந்திருக்கும், அதைக் கழற்றாமல் நெம்பினால் உறை உடையும். திறந்ததும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஸ்டிக் பெட்டியின் ஓரத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஸ்டிக்கை எல்லாத் திசையிலும் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். தூசியை இன்னும் ஒட்ட வைக்கும். சுத்தம் செய்தும் எண் குதித்தால் தடம் தேய்ந்துவிட்டது, ஸ்டிக்கைப் பெட்டியோடு மாற்றுவதுதான் வழி. மொபைல் சர்வீஸ் கடையில் சால்டரிங் தெரிந்தவர் செய்து தருவார். மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கிடைத்தால் அதையே போடுங்கள். அதில் உரசும் தடமே கிடையாது. காந்தத்தை வைத்து அளக்கும். கேம்கியூப் பேடில் ஸ்னாப்பேக்குக்குத் தனியாகச் சின்ன கபாசிட்டர் சேர்ப்பதும் வழக்கம்.

பழைய பேடு வாங்கப் போகிறவர்கள், புதுச்சேரி ஞாயிறு சந்தையானாலும் வேறெங்கானாலும், போனில் ஒரு டெஸ்டரையும் ஓ.டி.ஜி கேபிளையும் கொண்டு போய் இந்த மூன்று சோதனையையும் அங்கேயே செய்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அறிகுறி: பின்னால் ஓடச் சொன்னால் மெதுவாகத் திரும்புகிறது

நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி டாஷ் எடுக்கும்போது வரும் தொல்லை இது. கேம் ஸ்டிக்கை ஃப்ரேமுக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும். நடுவிலிருந்து கோடிக்கு நீங்கள் தள்ளும்போது, எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில் ஸ்டிக் 0.2875-க்கும் 0.8-க்கும் இடையே இருந்தால் 'மெல்லத் திரும்பு' என்று புரிந்துகொள்ளும். எவ்வளவு வேகமான கையானாலும் சில முறை மாட்டும். இதற்காகவே 2017-இல் யுனிவர்சல் கன்ட்ரோலர் ஃபிக்ஸ் என்ற மென்பொருள் திருத்தம் வந்தது. ஸ்லிப்பியில் அது தானாகவே இருக்கிறது. பழைய கேம்கியூபிலோ வீயிலோ ஆடுகிறீர்கள் என்றால் மெமரி கார்டிலோ மாற்றியமைத்த கேம் கோப்பிலோ அது ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஷீல்டு டிராப்பும் (ஷீல்டில் இருந்தபடியே பிளாட்ஃபார்ம் வழியாகக் கீழே இறங்குவது) இதே திருத்தத்தால் எளிதாகும். அது இல்லாத கன்சோலில் எடுத்த எண்ணிக்கையை வைத்து ஒரு டெக்னிக்கை மதிப்பிடுவது செல்லாது.

அறிகுறி: பயிற்சியில் வருகிறது, மேட்சில் வரவில்லை

இங்கே எல்லாரும் "லேக்" என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறார்கள். லேக்கில் இரண்டு வகை உண்டு. மாறாத தாமதம், தடுமாறும் தாமதம்.

மாறாத தாமதத்தில் குதியும் ஏர்டாட்ஜும் ஒரே அளவு தள்ளிப் போகும், இரண்டுக்கும் இடையே உள்ள 3 ஃப்ரேம் இடைவெளி அப்படியே இருக்கும். ஆகவே டி.வி மெதுவாக இருப்பதால் வேவ்டாஷ் வரவில்லை என்பது பொதுவாகச் சரியான காரணமல்ல. அது கெடுப்பது, பார்த்துச் செய்ய வேண்டியவற்றை: எதிராளி விழும் பக்கத்தைப் பார்த்து டாஷ் எடுப்பது, பிளாட்ஃபார்ம் உயரம் பார்த்து வேவ்லேண்ட் (இறங்கும்போதே ஏர்டாட்ஜில் சறுக்குவது) போடுவது. தடுமாறும் தாமதம்தான் விரலின் தாளத்தையே கெடுக்கும்.

மாறாத தாமதத்தை அளக்க: விரலும் திரையும் ஒரே படத்தில் விழும்படி போனை நிறுத்தி 240 எஃப்.பி.எஸ்-இல் குதி பட்டனை அழுத்துவதை எடுங்கள். வி.எல்.சி-யில் 'ஈ' விசையை அழுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். பட்டன் முழுக்க அமுங்கியதிலிருந்து கால் மடங்கத் தொடங்கும் வரை படங்களை எண்ணி நான்கால் வகுத்தால் கேம் ஃப்ரேம் கிடைக்கும். ஐந்து முறை எடுத்துச் சராசரி போடுங்கள். மானிட்டரில் 20 படம், டி.வி-யில் 36 படம் என்றால் வித்தியாசம் 4 ஃப்ரேம். டி.வி-யின் கேம் மோடைப் போட்டுவிட்டு மறுபடி அளந்தால் பெரும்பகுதி குறைந்துவிடும்.

தடுமாற்றத்துக்கு நம் ஊரில் முதல் காரணம் வெயில். மே மாதத்தில் மெத்தை மேல் வைத்த லேப்டாப் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எமுலேட்டர் 60-லிருந்து 54-க்கு இறங்கினால் ஒவ்வொரு ஃப்ரேமும் நீண்டுபோய், பழகிய விரல் எல்லாவற்றையும் முந்தி அழுத்திவிடும். டால்ஃபினில் எஃப்.பி.எஸ் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லி, தொடங்கியதும் ஒரு முறை, நாற்பது நிமிடம் கழித்து ஒரு முறை பாருங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும், பவர் பிளானை உச்சத்தில் வையுங்கள், லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு புத்தகம் வைத்து உயர்த்துங்கள். புளூடூத் வேண்டாம், கேபிள் போடுங்கள். நின்டென்டோவின் கேம்கியூப் யு.எஸ்.பி அடாப்டர் நொடிக்கு 125 முறைதான், அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான், கன்ட்ரோலரைக் கேட்கும். அதை 1000-ஆக உயர்த்தும் டிரைவர் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

நெட்: ஸ்லிப்பியில் டிஃபால்ட் தாமதம் 2 ஃப்ரேம், அதாவது 33 மில்லிசெகண்ட். பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) 60 மில்லிசெகண்ட் என்றால் ஒரு வழிப் பயணம் 30, இதற்குள் அடங்கிவிடும். பிங் 120 என்றால் ஒரு வழி 60. மிச்சம் 27 மில்லிசெகண்ட், ஏறத்தாழ 2 ஃப்ரேம், ரோல்பேக் (கேம் பின்னே போய்த் தன்னைத் திருத்திக்கொள்வது) ஆகும், எதிராளி திடீரென்று இடம் மாறித் தெரிவார். உங்கள் விரலின் தாளத்தை ரோல்பேக் கெடுக்காது. அது குலைப்பது உங்கள் தீர்மானத்தை. ஆகவே டெக்னிக்கைச் சோதிக்கும் ஆட்டங்களைக் கடலூர்–புதுச்சேரிக்குள்ளேயே டைரக்ட் கோட் கொடுத்து ஆடுங்கள். தூரத்து எதிராளியைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். வைஃபை வேண்டாம், லேன் கேபிள். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ் இருந்தால் கரண்ட் போனாலும் லேப்டாப்பில் ஆட்டம் நிற்காது.

இவை எல்லாம் சரி, ஆனாலும் மேட்சில் வரவில்லை என்றால் பதற்றம். அதற்கு வழி, பயிற்சியிலேயே நகர்வுக்கு முன்னும் பின்னும் வேறு வேலையைச் சேர்ப்பது. ஷீல்டில் அடி வாங்கி, வேவ்டாஷ் போட்டு, கிராப் (எதிராளியைப் பிடிப்பது) எடு என்று மூன்றையும் ஒரே மூச்சில் பழகுங்கள்.

அறிகுறி: வேறு கேமில் வந்தது, இதில் வரவில்லை

கை தவறில்லை, விதி வேறு. ஸ்மாஷ் தொடரிலேயே 2008-இன் பிராலில் ஏர்டாட்ஜுக்குத் திசையே கிடையாது, வேவ்டாஷும் கிடையாது. போதாததற்கு ஓடும்போது ஆள் தற்செயலாகத் தடுக்கி விழுவார். அதே தொடரில் 2018-இன் அல்டிமேட்டில் திசை ஏர்டாட்ஜ் திரும்ப வந்தது, எல்லாருக்கும் ஜம்ப்ஸ்குவாட் 3 ஃப்ரேம். ஆனால் தரையிறங்கிய பின் அசையாமல் நிற்கும் நேரம் அதிகம் என்பதால் வேவ்டாஷ் போட்டவர் அடி வாங்குவார். அதே கேமில் 9 ஃப்ரேம் பஃபர் (முன்கூட்டி அழுத்தியதை நினைவில் வைத்துச் செய்வது) உண்டு. மெலீ கையோடு பட்டனைத் தட்டித் தட்டி ஆடினால் கேட்காத வேலையெல்லாம் வரிசையாக நடக்கும். 2017-இன் ரைவல்ஸ் ஆஃப் ஈத்தரில் ஷீல்டும் லெட்ஜும் (பிடித்துத் தொங்கும் மேடை விளிம்பு) இல்லை, வேவ்டாஷ் எளிது. 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இரண்டும் உண்டு. பிரால்ஹல்லாவில் காற்றில் ஸ்பாட் டாட்ஜ் (இருந்த இடத்திலேயே விலகுவது) செய்து தரை அடியை எடுக்கும் கிராவிட்டி கேன்சலே அடிப்படைப் பாடம்.

அறிகுறி: கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் ஜெயிக்கவில்லை

இப்போதுதான் டெக்னிக்கை மதிப்பிட நேரம். பார்க்க வேண்டியது நான்கு: எத்தனை ஃப்ரேம் செலவு, அதே இடத்தில் செய்யக்கூடிய மிகச் சுலபமான வேலை என்ன தரும், முடிந்ததும் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள், தவறினால் என்ன போகும். இரண்டாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். சும்மா நிற்பதோடு ஒப்பிட்டால் எந்த டெக்னிக்கும் பிரமாதமாகத் தெரியும்.

ஃபாக்ஸின் வேவ்டாஷ்: ஜம்ப்ஸ்குவாட் 3, ஏர்டாட்ஜுக்கு 1, தரையிறங்கும் தேக்கம் 10, மொத்தம் சுமார் 14 ஃப்ரேம். ஷீல்டிலிருந்து வெளியேற இதைப் போட்டால் மாற்று ரோல் (உருண்டு விலகுவது), அது 30 ஃப்ரேமுக்கு மேல். இங்கே வேவ்டாஷ் தெளிவாக வெல்கிறது. முகம் பார்த்த திசை மாறாது, முடிந்ததும் எந்தத் தரை அடியும் கையில் இருக்கும். ஆனால் வெறுமனே தூரத்தைக் கடக்க கேப்டன் ஃபால்கன் வேவ்டாஷ் போட்டால் அது வீண். அவன் ஓட்டம் அதைவிட வேகம். லூய்ஜிக்கு நேர்மாறு, வேவ்டாஷ் ஓட்டத்தை முந்தும். வேவ்டாஷ் நல்லதா என்ற கேள்விக்கே பதில் இல்லை. யாருக்கு, எந்த இடத்தில், எதற்குப் பதிலாக என்று கேட்டால்தான் பதில் உண்டு.

தவறினால் போவது என்ன என்பதற்கு லெட்ஜ்டாஷ் நல்ல பாடம். லெட்ஜிலிருந்து விழுந்து, இரட்டைக் குதி எடுத்து, மேடை மேல் ஏர்டாட்ஜில் சறுக்குவது. லெட்ஜைப் பிடித்ததும் கிடைக்கும் சுமார் 30 ஃப்ரேம் பாதுகாப்பில் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்து அடிக்கலாம் என்பதுதான் இதன் ருசி. ஏர்டாட்ஜ் மேடையைத் தொடாமல் போனால் கையாலாகாமல் கீழே விழுவீர்கள், ஒரு ஸ்டாக் (உயிர்) போகும். பத்துக்கு எட்டு வருகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். ஒரு மேட்சில் ஐந்து முறை லெட்ஜுக்குப் போனால் சராசரியாக ஒன்று தவறும். நான்கு ஸ்டாக்கில் ஒன்றை நீங்களே கொடுத்தாகிவிட்டது. அந்த ஐந்தில் மற்ற நான்கும் சாதாரணமாக ஏறி வருவதைவிட ஒரு ஸ்டாக்குக்கு மேல் சம்பாதித்தால்தான் கணக்கு நேராகும். பத்துக்குப் பத்து வரும் வரை மேட்சில் சாதாரண வழியில் ஏறுங்கள், பயிற்சியில் மட்டும் லெட்ஜ்டாஷ். மூன்வாக் (முன்னே பார்த்தபடி பின்னே சறுக்குவது) இதற்கு எதிர்முனை: தவறினால் பெரிதாக எதுவும் போகாது, ஆனால் உருப்படியாகப் பயன்படும் இடங்களும் சில மட்டுமே. நேரம் மிஞ்சினால் பழகுங்கள்.

சோதிக்கும் முறை: ஒரே ஒரு சூழலைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, மார்த் உங்கள் ஷீல்டில் அடித்த பிறகு. எதிராளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "அண்ணா, இந்த இடத்தில் வேவ்டாஷ்தான் போடப்போகிறேன், தடுத்துப் பாருங்கள்" என்று. இருபது முறை. பிறகு அதே சூழலில் ரோல் மட்டும் இருபது. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மூன்றில் ஒன்று: தப்பித்தேன், அடித்தேன், அடி வாங்கினேன். தெரிந்து ஆடும் எதிராளிக்கு முன்பும் அதன் இருபதில் நல்ல பங்கு தருகிற டெக்னிக்குக்கு உண்மையான பலம் உண்டு. தெரியாதவரிடம் மட்டும் பலிப்பது ஆச்சரியத்தால் கிடைத்தது. ஒரு செட்டில் ஓரிரு முறைக்கு மேல் அதை நம்பாதீர்கள்.

அறிகுறி: முதல் வாரம் பலித்தது, இப்போது பலிக்கவில்லை

ஒரே ஊரில், ஒரே அறையில், அதே நாலைந்து பேரோடு ஆடும்போது இது கட்டாயம் நடக்கும். ரீப்ளேயில் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்கள் நகரத் தொடங்கும் முன்பே அவர் கை அசைந்துவிட்டதா? அசைந்திருந்தால் அவர் டெக்னிக்கைப் படிக்கவில்லை, உங்கள் பழக்கத்தைப் படித்துவிட்டார். அடுத்த செட்டில் அதே இடத்தில் ஒருமுறை வேவ்டாஷ், ஒருமுறை ஷீல்டிலேயே நிற்பது, ஒருமுறை கிராப் என்று கலந்து பாருங்கள். நீங்கள் நகர்ந்ததைப் பார்த்த பிறகும் அவருக்கு அடிக்க நேரம் இருந்தது என்றால்தான் டெக்னிக்கின் மதிப்பைக் குறைக்க வேண்டும்.

அறிகுறி: கட்டைவிரலோ மணிக்கட்டோ வலிக்கிறது

அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். அல்டிமேட்டில் டாப் ஜம்பை (ஸ்டிக்கை மேலே தள்ளினால் குதிப்பது) அணைத்துவிட்டுக் குதியை மேல் பம்பருக்கு மாற்றினால் கட்டைவிரலின் வேலை குறையும். மெலீயில் டாப் ஜம்பை அணைக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டரில் குதியை எந்த பட்டனுக்கும் மாற்றலாம். மரத்துப்போவது, இரவில் சுள்ளென்று இழுப்பது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் கேமின் பதிப்பையும் எழுதிவையுங்கள். ஸ்லிப்பியில் ஓடும் மெலீ அமெரிக்கப் பதிப்பு 1.02, அது மாறாது. ஐரோப்பியப் பதிப்பில் சில கதாபாத்திரங்களின் கணக்கே வேறு. அல்டிமேட்டுக்குக் கடைசி பேலன்ஸ் பேட்ச் 2021 டிசம்பரில் வந்த 13.0.1. ரைவல்ஸ் இரண்டாம் பாகத்துக்குப் பேட்ச் வரும்போது மட்டும் பழைய பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, இருபது முறையை மறுபடி எண்ணுங்கள்.